துணைக்கு வருபவரின் கூலி

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உள்ள முதல் அட்டவணை மனித உடலுக்கு எழுதப்பட்ட விலைப்பட்டியல். முழங்கையிலோ அதற்கு மேலோ வலது கை போனால் சம்பாதிக்கும் திறனில் 70 சதவீதம் போனதாகக் கணக்கு. இடது கையென்றால் 60. முழங்காலுக்கு மேல் கால் போனால் 60, கீழே போனால் 50. காது முழுவதும் கேட்காமல் போனால் 50, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10, மற்ற விரல் எதுவானாலும் 5. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் தோட்டத் தொழிலையும் விசாரித்து அறிக்கை தந்த பிறகு, 1933ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா எஸ்டேட்டுகளுக்கும் இச்சட்டம் வந்து சேர்ந்தது. ஆனைமலைத் தொடரில் வால்பாறையைச் சுற்றிக் கவாத்துக் கத்தியோடும் கொழுந்துக் கூடையோடும் நின்றவர்களுக்கு, உடல் முடங்கினால் பணம் கிடைக்கும் என்று சட்டம் சொன்னது அதன் பிறகுதான். அந்தப் பட்டியலுக்கும், இன்று ஆனைமலை வட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளியின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் விழும் 1,500 ரூபாய்க்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் ஆட்சி மாறியது, சட்டங்கள் மாறின, மாற்றுத்திறனாளிகளை அழைக்கும் பெயரும் மாறியது. பணத்தை நிர்ணயிக்கும் கேள்வி மட்டும் மாறவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்புவது. எவ்வளவு சம்பாத்தியம் போயிற்று என்று சட்டம் கேட்டது. கஞ்சிக்கு வேறு வழி உண்டா என்று பிற்கால உதவித்திட்டம் கேட்டது. இந்த உடலோடு வாழ மற்றவரைவிட மாதம் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று இரண்டுமே கேட்கவில்லை.

இழப்பீட்டுச் சட்டத்துக்கும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் பெயர் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையே மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறவில்லை, இறங்கியது. நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்குக் கூலி கிடைத்தது. சுமக்க முடியாதவருக்குக் கஞ்சித்தொட்டிதான். 1880இல் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதையொட்டி மாகாணங்களுக்குப் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. வேலை வாங்காமல் உதவ வேண்டியவர்கள் யார் யார் என்று அவ்விதிகள் பட்டியலிட்டன: கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், முதுமையாலோ பலவீனத்தாலோ உழைக்க முடியாதவர். பட்டியலின் முடிவில் இன்னொரு வகையினரும் இருந்தார்கள். நோயாளியையோ கைக்குழந்தையையோ விட்டு வீட்டைவிட்டு நகரவே முடியாதவர்கள் அவர்கள். கவனித்துக்கொள்பவரின் நேரமும் உழைப்பே, அவரும் உதவிக்கு உரியவரே என்பதை அரசின் விதிப்புத்தகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே புத்தகம் இன்னொரு அளவுகோலையும் விட்டுச் சென்றது. வேலை செய்யும் உடலுக்கு முழுப் பங்கு, வேலை செய்யாத உடலுக்கு உயிர் தரிக்கும் அளவுக்கான பங்கு. உழைக்காத உடலுக்குத் தேவை குறைவு என்ற இந்த எண்ணம் பஞ்சத்தோடு போய்விடவில்லை. துணையாளை ஏற்ற முதல் பாதி மறக்கப்பட்டது, பங்கைக் குறைத்த இரண்டாம் பாதி நிலைத்தது. உதவித்தொகையின் பின்வந்த வரலாறு முழுவதிலும் இதைக் காணலாம்.

1890களில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் ஆனைமலைக் காடுகளை வெட்டித் தோட்டம் போட்டபோது, மலையேறி வந்த உழைப்பு முன்பணத்தால் கட்டப்பட்ட உழைப்பு. திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற வறண்ட சீமைகளிலிருந்து மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்தார். கூலியில் அது கழிக்கப்பட்டது. மலேரியாவுக்குப் பேர்போன மலை அது. காய்ச்சலில் படுத்தவருக்கு அன்றைய வருகைப் பதிவான ‘பெயர்’ இல்லை, பெயர் இல்லாத நாளுக்குக் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் முன்பணம் கழியாது. 1940களில் இத்தோட்டங்களுக்கு மருத்துவராக வந்த பி. எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலில் இந்தக் கடன் சங்கிலியைத்தான் எழுதினார், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழ் வாசகரை அடைந்தது. உடல் முடங்கியவர் அந்த ஏற்பாட்டில் வரவு இல்லாதவர் மட்டுமல்ல, கடன் வளர்கிறவரும்கூட. அவருக்கு உள்ள செலவு எஸ்டேட்டின் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. மேஸ்திரியின் கணக்கில் கடனாக மட்டுமே ஏறியது.

இந்தப் பின்னணியில் இழப்பீட்டுச் சட்டம் வந்தது சிறிய காரியம் அல்ல. முதலாளியின் தருமமாக இருந்ததைத் தொழிலாளியின் உரிமையாக அது மாற்றியது. ஆனால் அது கணக்கிட்ட முறையைப் பார்க்க வேண்டும். 1923இன் மூல வடிவில், நிரந்தரமாக முழுவதும் முடங்கியவருக்கு 42 மாதக் கூலி அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. பகுதி முடக்கத்துக்கு அதில் அட்டவணைச் சதவீதம். மாதம் 10 ரூபாய் வாங்கும் ஒருவருக்குத் தொடையோடு கால் போனால் 420 ரூபாயில் 60 சதவீதம், 252 ரூபாய். 50 ரூபாய் வாங்குபவருக்கு அதே கால் போனால் 1,260 ரூபாய். செயற்கைக் கால் செய்பவரோ மருந்து விற்பவரோ வண்டிக்காரரோ 10 ரூபாய்க் கூலிக்காரரிடம் ஐந்தில் ஒரு பங்கு விலை கேட்கப்போவதில்லை. 1933இல் கணக்கு கூலிப் படிநிலைகளின் பட்டியலாக மாறியது; கூலி குறைந்தவருக்கு இழப்பீடும் குறைவு என்ற அடிப்படை அப்படியே இருந்தது. கூலி குறைந்த தோட்டத்தில், மருத்துவமும் போக்குவரத்தும் எட்டாத மலையில், செலவு கூடும், இழப்பீடு சுருங்கும். வலக்கைக்கும் இடக்கைக்கும் வைத்த வேறுபாடும் தொழிற்சாலை எந்திரத்தை மனதில் வைத்தது. கொழுந்து பறிப்பவருக்கு இரண்டு கையும் வலக்கையே. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்துதான் ஈரிலை ஒரு மொட்டைக் கிள்ளுகின்றன. பட்டியலோ ஆள்காட்டி விரலுக்கு 10 போட்டது.

இன்னும் வியப்பானது, காயத்துக்கு மருத்துவம் பார்த்த செலவை இச்சட்டம் நெடுங்காலம் கணக்கிலேயே எடுக்கவில்லை. உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 2010 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. போன கூலியை ஈடுகட்டச் சட்டம் எழுதியவர்களுக்கு, கட்டுப்போட்ட செலவு தனி என்பதை ஒப்புக்கொள்ள 86 ஆண்டுகள் ஆயின. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாழ்நாள் முழுவதும் ஆகும் செலவு அதில் சேரவே இல்லை. அதோடு, எந்திரத்திலோ வேலைத்தளத்திலோ அடிபட்டவருக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், போலியோவில் கால் சூம்பிய குழந்தை, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகளைப் பார்த்துக்கொள்ளும் தாய் ஆகியோர் கூலி இழந்தவர்களாகச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மலையும் சமவெளியும் இரண்டு வழியில் போயின. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் காலடி வைத்தது கோயம்புத்தூரில், 1955 ஜனவரியில். பஞ்சாலைத் தொழிலாளிக்கு நிரந்தர முடக்கம் நேர்ந்தால் ஒரே தவணையில் கையில் கொடுத்துக் கைகழுவாமல், வாழ்நாள் முழுவதும் மாதப் பணம் கிடைத்தது. மலைத்தோட்டத் தொழிலாளிக்கு அந்தத் திட்டம் இல்லை. அவருக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். எஸ்டேட் ஆஸ்பத்திரி, லைன் வீடு, குழந்தைக் காப்பகம் என்று அது பலவற்றைக் கட்டாயமாக்கியது. இவை பெரும் பேறுகள். ஆனாலும் மூன்றுமே வேலையோடு முடிச்சுப் போடப்பட்டவை. வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் லைன் வீட்டையும் விட வேண்டும். உடல் முடங்கிய நேரத்தில் வாடகை என்ற புதுச் செலவு தொடங்கும். குழந்தைக் காப்பகம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு. ஏழு வயதிலும், பதினேழு வயதிலும், தானாக எழுந்து உட்கார முடியாத பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் பேர் போடப் போக முடியாது. அந்த வீட்டுக்கு ஊனத்தால் ஏற்பட்ட மிகப் பெரிய செலவு அதுதான்: ஓர் ஆளின் முழுக் கூலி. அதை எழுதிவைக்கச் சட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

மாநில அரசின் உதவித்தொகை வேறொரு வாசலிலிருந்து வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் தரும் திட்டம் 1962 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடியான திட்டங்களில் ஒன்று. அதன் வார்ப்பிலேயே 1974இல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான திட்டமும், அடுத்த ஆண்டு கைம்பெண்களுக்கான திட்டமும் வந்தன. பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது: ஆதரவு இல்லாதிருக்க வேண்டும். முதுமை, கைம்மை, உடல் முடக்கம் மூன்றும் வறுமைக்கு வந்து சேரும் மூன்று பாதைகளாகப் பார்க்கப்பட்டன. வந்து சேர்ந்தவருக்கு ஒரே தொகை. 2011இல் அது 1,000 ரூபாய் ஆனபோது முதியவருக்கும் ஆயிரம், கண் தெரியாதவருக்கும் ஆயிரம். அந்த ஆயிரம் 2022 முடியும்வரை அப்படியே நின்றது. 2023 ஜனவரி முதல் வருவாய்த்துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் தொகை 1,500 ஆனது. அறிவிப்பின்படி பயன்பெறுவோர் 4 லட்சத்து 39 ஆயிரம் பேர். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் நுகர்வோர் விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆகவே புதிய 1,500 வாங்குவது 2011இன் ஆயிரம் வாங்கியதைவிடக் குறைவு. ஒன்றிய அரசின் பங்கு இன்னும் பரிதாபமானது. 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்ற சான்றும் இருந்தால் மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அது ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

கூடுதல் செலவு என்பது என்ன என்று ஆனைமலையை வைத்தே பார்க்கலாம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள்; பொள்ளாச்சி ஏறத்தாழ 65 கிலோமீட்டர், கோயம்புத்தூர் அதற்கும் அப்பால். மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டுமென்றாலும், பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வேண்டுமென்றாலும், அந்த வளைவுகளை இறங்கித்தான் ஆக வேண்டும். தனியாகப் போக முடியாதவருக்கு இரண்டு பேர் டிக்கெட், இரண்டு பேர் சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. பஸ் படியில் ஏற முடியாதவருக்கு ஜீப் அல்லது கார் வாடகை. காடர், மலசர், முதுவர் குடியிருப்புகளில் வண்டிப்பாதை எட்டாத இடங்களில் தூளி கட்டித் தூக்கி வர நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரின் நாளும் செலவே. கீழே, ஆனைமலை - பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு நிலைமை வேறு. சிறுநீர்க் குழாய், அதன் பை, படுக்கைப் புண் வராதிருக்க மெத்தை, புண் வந்துவிட்டால் மருந்து, டயப்பர் எல்லாம் அரிசி பருப்பைப் போல மாதாமாதம் வாங்க வேண்டியவை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் மரமேறிக்கு நிரந்தர முடக்கத்துக்கு ஒரு மொத்தத் தொகையும், ஆஸ்பத்திரியில் துணையிருப்பவருக்குச் சில நாள் படியும் தருகிறது. துணையை எண்ணிய அரிதான திட்டம் என்பதால் அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் படி நின்றுபோகும் நாளில்தான், அதாவது வீட்டுக்கு வந்த நாளில்தான், துணையின் உண்மையான வேலை தொடங்குகிறது.

இவ்வகைச் செலவை முறையாக ஆராய்ந்தவர்கள் தமிழ்நாட்டையே களமாகக் கொண்டார்கள். சூசன் எர்ப், பார்பரா ஹாரிஸ்-வைட் இருவரும் வடதமிழ்நாட்டுக் கிராமங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூல், ஊனத்தின் செலவை மூன்றாகப் பிரித்தது: சிகிச்சைக்கும் கருவிக்கும் கையிலிருந்து போவது, கவனிப்பவர் இழப்பது, பாதிக்கப்பட்டவர் சம்பாதிக்காமல் போவது. நம் சட்டங்கள் மூன்றாவதை மட்டும், அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டும் கணக்கிட்டன. அமர்த்தியா சென் இதையே வேறு திசையிலிருந்து சொன்னார்: சம்பாதிப்பதில் வரும் தடை ஒன்று, சம்பாதித்த பணத்தை வாழ்க்கையாக மாற்றுவதில் வரும் தடை இன்னொன்று. அவர் எடுத்துக்காட்டியது விப்கே குக்லிஸ் பிரிட்டனில் செய்த ஆய்வு. அங்கே மொத்தத்தில் 17.9 சதவீதத்தினர் வறுமைக்கோட்டுக்குக் கீழான குடும்பங்களில் இருந்தனர்; மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்தால் 23.1 சதவீதம். ஊனத்தின் கூடுதல் செலவையும் கழித்துப் பார்த்தபோது அது 47.4 சதவீதமாக எகிறியது. செலவை எண்ணாத கணக்கு, ஏழைகளில் பாதிப் பேரைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. இங்கே 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் தாளுக்கும் ஊன்றுகோலுக்கும் 5 சதவீத வரி விழுந்தது. உள்நாட்டு உற்பத்தியாளர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற அது உதவும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. நடப்பதற்கு வரி கட்டுகிறவரின் பக்கத்திலிருந்து அந்த விளக்கம் எழுதப்படவில்லை.

அரசுக்கு இந்தச் செலவு தெரியாது என்று சொல்ல முடியாது. பணியின்போது நூறு சதவீதம் முடங்கி, அன்றாடக் காரியங்களுக்குப் பிறரை முற்றிலும் சார்ந்து ஓய்வுபெறும் ஒன்றிய அரசு ஊழியருக்கு, ஓய்வூதியத்தோடு தனியாகத் துணையாளர் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது மாதம் 4,500 ரூபாயிலிருந்து 6,750 ஆனது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் அது 25 சதவீதம் ஏறும் என்றும் ஆணை உள்ளது. வருமானத்துக்கு ஒரு தொகை, துணைக்கு வேறொரு தொகை, விலைவாசியோடு ஏறும் ஏற்பாடு என்று நியாயமான அமைப்பின் மூன்று உறுப்புகளும் அங்கே இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் அதேபோல் முடங்கியவருக்கு இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாடு இல்லை. பிரிட்டனில் இந்த வேறுபாட்டை உடைத்தவர்கள் இல்லத்தரசிகள். 1965இல் மேகன் டு புவாசன், பெரிட் மூர் என்ற இரு பெண்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கூலி வேலை செய்யாததால், முடங்கினாலும் காப்பீட்டில் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்பது அவர்களுடைய குறை. அந்த இயக்கத்தின் அழுத்தத்துக்குப் பிறகு 1971இல் துணையாளர் படியும், 1976இல் நடமாட்டப் படியும் வந்தன. இரண்டும் போன கூலிக்காகவோ வறுமைக்காகவோ தரப்பட்டவை அல்ல. கூடுதல் செலவுக்காகத் தரப்பட்டவை.

இந்தியச் சட்டம் அந்த வாசலை 2016இல் கொஞ்சம் திறந்தது. அதற்கு முன்பே 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, ஊனம் சார்ந்த செலவுகளுக்கு அரசு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதையொட்டி வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றது. அதிக ஆதரவு தேவைப்படுபவருக்குத் துணையாளர் படியையும் தனியே குறிப்பிட்டது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. 1,200க்கு மேல் 25 சதவீதம் சரியாக 1,500. சட்டத்தின் தரை எதுவோ அதுவே நம் கூரையாக இருக்கிறது. அந்த 25 சதவீதத்திலும் ஓர் ஓட்டை உண்டு: அது எதன்மேல் 25 சதவீதம்? செலவின்மேல் அல்ல, முதியோருக்குத் தரும் தொகையின்மேல். எனவே மாதம் 300 ரூபாயைக் கூடுதல் செலவின் மதிப்பாக அரசு வைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியே 2,000 ரூபாய் தருகிறது. அதிக ஆதரவு தேவைப்படுபவரின் உதவியாளருக்கென்று 1,000 ரூபாயும் உண்டு. மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் கவனிப்பவருக்கு 600 ரூபாய் தருகிறது. தொகைகள் சிறியவை. ஆனாலும் பஞ்ச விதிகளின் கடைசி வரியில் நின்ற அந்தத் துணையாள் நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு மீண்டும் அரசின் ஏட்டில் ஏறியிருக்கிறார் என்பதால் இவற்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது, பணமாகத் தராவிட்டாலும் பொருளாகவும் சலுகையாகவும் அரசு தருகிறதே என்பது. இலவச நகரப் பேருந்து, மூன்று சக்கர ஸ்கூட்டர், செயற்கைக் கால், காதொலிக் கருவி எல்லாம் உண்மை. இந்த வரிசையில் தமிழ்நாடு பல மாநிலங்களை முந்தியே நிற்கிறது. ஆனால் சலுகை யாரை அடைகிறது என்று பார்க்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் துணையாளும் கட்டணமின்றிப் போகலாம். மலைப்பகுதிகளுக்கும் கட்டணமில்லாப் பயணம் வரும் என்ற அறிவிப்பு 2024-25 நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. அதுவும், உயரமான படியில் ஏற முடிந்தவருக்கே பேருந்து இலவசம். ஏறவே முடியாதவர், அதாவது செலவு மிக அதிகமானவர், கார் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொருளாகத் தரும் உதவி பெரும்பாலும் ஒருமுறை தருவது; பேட்டரி தேய்வதும், கால் பொருந்தாமல் போவதும், பை தீர்வதும் மாதந்தோறும் நடப்பவை. கருவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கருவி கொடுத்ததால் செலவு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது என்பதுதான்.

குடும்பம் பார்த்துக்கொள்வது நம் மரபு, அதற்குக் காசு கொடுத்தால் பாசம் வணிகமாகிவிடும் என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பார்த்துக்கொள்ளும் ‘குடும்பம்’ நடைமுறையில் ஒரு பெண். தாய், மனைவி, மூத்த மகள். பள்ளியை விட்டது யார், கொழுந்துக் காட்டுக்குப் போகாமல் நின்றது யார் என்று கேட்டால் அந்தப் பெயர்தான் வரும். ஆதரவு இருப்பதாலேயே உதவி மறுக்கும் விதி, ஆதரவாக நிற்பவரைத் தண்டிக்கிறது. அவருக்குக் கொடுக்கும் தொகை பாசத்தின் விலை அல்ல, அவர் இழந்த நாள்கூலியின் ஒரு பகுதி. நூறு சதவீதம் முடங்கிய அரசு ஊழியரின் மனைவி கவனித்துக்கொள்ளும் வீட்டுக்குத் துணையாளர் படி போகும்போது அந்தப் பாசம் கெட்டுப்போகிறது என்று யாரும் சொன்னதில்லை.

நிதி எங்கே என்பது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே கணக்கிட வேண்டும். வருவாய்த்துறை வழியாகப் பெறும் 4 லட்சத்து 39 ஆயிரம் பேருக்கும் மாதம் இன்னும் 1,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 527 கோடி ரூபாய் ஆகும். மாநிலத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 3 லட்சம் கோடி. அதில் இது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிக்கு 6,000 ரூபாயும், படுத்த படுக்கையாக முற்றிலும் முடங்கியவருக்கு 15,000 ரூபாயும் தருகிறது. அதே அளவு இங்கேயும் வேண்டும் என்று தமிழ்நாடு அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தொடர்ந்து போராடிவருகிறது. ஆந்திராவின் அளவை உடனே எட்ட முடியுமா என்பது விவாதத்துக்குரியது. முடங்கிய நிலைக்கு ஏற்பத் தொகையைப் படிப்படியாக உயர்த்தும் அதன் அமைப்பு விவாதத்துக்குரியது அல்ல. அதைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. தொகை கூடினால் போலிச் சான்றிதழும் கூடும் என்பார்கள். 2025இல் ஆந்திரா மறுபரிசோதனை நடத்தித் தகுதியில்லை என்று பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது, எதிர்ப்பும் எழுந்தது. போலிகளைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் நாற்பது வளைவு இறங்கி வர வேண்டியவருக்கு அந்தப் பயணச் செலவை யார் தருவது என்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.

சதவீதத்தை வைத்தே எல்லாம் முடிவாவதுதான் 1923இன் அட்டவணை நமக்கு விட்டுச்சென்ற நீண்ட பழக்கம். அன்று அது சம்பாதிக்கும் திறனை அளந்தது, இன்று உடலின் பாதிப்பை அளக்கிறது. எழுந்து உட்கார, குளிக்க, வெளியே போக ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இன்னொருவர் வேண்டும் என்பதை இரண்டும் அளக்கவில்லை. அளக்க முடியாதது அல்ல அது. உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதிக ஆதரவுத் தேவையை மதிப்பிட மதிப்பீட்டுக் குழுவுக்கு ஏற்கெனவே வழி செய்திருக்கிறது. அந்த மணி நேரத்துக்கு விலை வைக்க ஆனைமலையில் ஒரு தயார் அளவுகோலும் உண்டு: தேயிலைத் தோட்டத்தின் நாள்கூலி. கூலி ஒப்பந்தத்தின் மூலமும் குறைந்தபட்சக் கூலி ஆணையின் மூலமும் அது அவ்வப்போது திருத்தப்படுகிறது. இப்போது 400 ரூபாயைத் தாண்டிவிட்டது. உதவியாளருக்குத் தரும் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்கில் இரண்டரை நாள் கூலிக்கும் குறைவு. மாதத்தில் பத்து நாள் கூலி என்று அதை நிர்ணயித்துவிட்டால், தோட்டத்தில் கூலி உயரும் ஒவ்வொரு முறையும், தோட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டில் நிற்பவரின் தொகையும் மனு போடாமலே உயரும்.